வலிக்கவில்லை என்பது நல்ல செய்தி அல்ல

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டதில் இரண்டு கைகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே போய்விட்டன. ஐந்து மாதங்களுக்கு முன் இரு கை மாற்று அறுவை நடந்தது. விரல்களை மடக்குகிறான். ஆனால் தொட்டால் எதுவும் தெரியவில்லை. போன மாதம் சூடான பாத்திரத்தில் கை பட்டதைக் கொப்புளம் வந்த பிறகுதான் கவனித்தோம். பத்து நாட்களுக்கு முன் இடது புறங்கையில் சிவப்பாகச் சில புள்ளிகள் தோன்றின. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன், மங்கிவிட்டது. அடுத்த பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கிறது. அப்போது சொன்னால் போதுமா? மாத்திரைகளை எத்தனை காலம் சாப்பிட வேண்டும்? உடம்பு தேறட்டும் என்று உறவினர் ஒருவர் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மூலிகைப் பொடி தந்திருக்கிறார், கொடுக்கலாமா? எல்லாவற்றையும்விட, தம்பி அந்தக் கைகளைப் பார்ப்பதே இல்லை. துண்டைப் போட்டு மூடிக்கொள்கிறான். 'அவருடைய கை' என்கிறான். நான்தான் ஊட்டிவிடுகிறேன், குளிப்பாட்டுகிறேன். அவன் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றும் உண்டு: நகம் வளர்ந்துகொண்டே இருக்கிறதே, இது யாருடைய நகம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று வாரம் பொறுக்கக் கூடாது. இதைப் படித்த கையோடு, அறுவை நடந்த மருத்துவமனையின் மாற்று அறுவைப் பிரிவுக்குப் பேசுங்கள். புள்ளிகள் எந்த நாளில் வந்தன, எங்கே இருந்தன, எத்தனை நாள் நின்றன, பூசிய களிம்பின் பெயர் என்ன என்று சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். மிஞ்சிப் போனால் ஒரு வார்த்தை கடிந்து பேசுவார்கள். அதற்குப் பயந்து கையைப் பணயம் வைக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது சிவப்புப் புள்ளி அல்ல. 'வலியும் இல்லை, அரிப்பும் இல்லை' என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். பிறந்தது முதல் வலியைத்தான் நாம் காவலாக நம்பி வந்திருக்கிறோம். வலித்தால் பார்ப்போம், வலிக்காவிட்டால் விட்டுவிடுவோம். உங்கள் தம்பியின் கைகளுக்கு அந்தக் காவல் இன்னும் வந்து சேரவில்லை. கொப்புளத்தை அவர் உணராததும், புள்ளிகள் வலிக்காததைக் கண்டு நீங்கள் நிம்மதி அடைந்ததும் ஒரே இடத்தில் வந்து முடிகிற கதைகள்.

புள்ளி என்ன என்பதை முதலில் சொல்கிறேன். சிறுநீரகம், கல்லீரல் போன்றவற்றை மாற்றும்போது ஏறக்குறைய ஒரே வகைத் திசுதான் வருகிறது. கையில் தோல், தசை, எலும்பு, நரம்பு, ரத்தக் குழாய், தசைநாண் எல்லாம் ஒரே மூட்டையாக வருகின்றன. இவற்றில் உடம்பின் எதிர்ப்பாற்றலை அதிகமாக உசுப்பிவிடுவது தோல். அந்நியன் வந்திருக்கிறான் என்று உடம்பு முதலில் சண்டை பிடிப்பது அதனோடுதான். அந்தச் சண்டையின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலி இல்லாத சிவப்புப் புள்ளியாகவோ, திட்டுத்திட்டான தடிப்பாகவோ, லேசான வீக்கமாகவோ வரும். இதை நிராகரிப்பு என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை கழன்று விழுந்துவிடப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கை மாற்றுப் பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முதல் ஆண்டிலேயே ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. சீக்கிரம் பிடித்துவிட்டால் மருந்தின் அளவை மாற்றியோ, சில நாட்கள் ஸ்டீராய்டு கொடுத்தோ பெரும்பாலும் அடக்கிவிடுவார்கள். சிறுநீரகம் பெற்றவர் உள்ளே நடப்பதை அறிய ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அந்த எச்சரிக்கை புறங்கையிலேயே எழுதிக் காட்டப்படுகிறது. இந்த ஒரு விஷயத்தில் கை மாற்றுப் பெற்றவர் கொடுத்துவைத்தவர் என்றே சொல்வேன்.

அந்த எழுத்தைத்தான் நீங்கள் களிம்பு போட்டு அழித்துவிட்டீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பல தோல் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. மேலே சிவப்பு மங்கும், அடியில் ரத்தக் குழாய்களைச் சுற்றி நடப்பது நின்றதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மாற்று அறுவை மருத்துவர்களே சில நேரம் இத்தகைய களிம்பைத் தருவார்கள். ஆனால் அது புள்ளியைப் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் தோலில் சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்த பிறகு நடப்பது. அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, நிராகரிப்பு எவ்வளவு கடுமை என்று 2007-ல் வகுத்த பான்ஃப் அளவுகோலின்படி பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் பிரிப்பார்கள். தரத்தைப் பொறுத்து மருந்து மாறும். இப்போது புள்ளி மங்கியிருந்தாலும் பயாப்ஸி வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான். நீங்களும் அல்ல, நானும் அல்ல.

இனிமேல் தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் பார்த்துப் படமெடுத்து வையுங்கள். விரலிடுக்கு, உள்ளங்கை, நகத்தைச் சுற்றிய தோல், பழைய தோலும் புதிய தோலும் சேரும் தையல் கோடு எதையும் விட வேண்டாம். கோட்டுக்கு மேலே ஒன்றும் இல்லாமல் கீழே மட்டும் சிவந்திருந்தால் அது கொசுக்கடி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். முதல் சில நாட்கள் நீங்கள் பாருங்கள். பிறகு அவர் பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத் துண்டைப் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

விரல் மடங்குகிறது, உணர்ச்சி மட்டும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இணைத்திருப்பதால், விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கும் தம்பியின் சொந்தத் தசைகளே. அவற்றைப் புதிய கையின் தசைநாண்களோடு தைத்திருக்கிறார்கள். கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை அசைகிறது, அவ்வளவுதான். உணர்ச்சி அப்படி வருவதில்லை. தானம் தந்தவரின் நரம்பு வெறும் குழாயாகத்தான் வந்தது, உள்ளே இருந்த இழைகள் அழிந்துவிட்டன. தம்பியின் நரம்பிழைகள் தையல் போட்ட இடத்திலிருந்து கிளம்பி அந்தக் குழாய்க்குள் ஊர்ந்து போக வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். நகம் வளர்வதைவிட வேகம்தான், ஆனாலும் மிக மெதுவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தையலிலிருந்து விரல் நுனிவரை 25 முதல் 28 சென்டிமீட்டர் இருக்கலாம். கிளம்புவதற்கே முதல் சில வாரங்கள் போய்விடும். மிச்சமிருக்கும் நான்கு மாதத்தில் 12 சென்டிமீட்டர் வந்திருந்தால், இப்போது நரம்பு மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையின் தொடக்கத்தில் நிற்கிறது. விரல் நுனிக்கு வர இன்னும் ஐந்தாறு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். கைப் பயிற்சியாளர் விரலால் தட்டிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருக்கும். நரம்பு வந்து நிற்கும் முனை அதுதான். மாதம் ஒரு முறை அந்த இடத்தைக் குறித்து, தேதி போட்டு வையுங்கள். 'எதுவும் நடக்கவில்லை' என்று சலிக்கும் இளைஞருக்கு, போன மாதக் குறியைவிட இந்த மாதக் குறி மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருப்பதைக் காட்டுவதைப்போல் வேறு மருந்து எனக்குத் தெரியாது. முதலில் திரும்புவது சூடு, குளிர், குத்தல் ஆகியவை. கையில் இருப்பது நாணயமா சாவியா என்று பார்க்காமல் சொல்லும் நுட்பம் பின்னால் வரும், எல்லோருக்கும் முழுமையாக வராது. உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள், அதாவது விரல்களை விரிக்கவும் பொத்தான் போடவும் உதவுகிறவை, எல்லாவற்றுக்கும் கடைசி. அவை ஓரளவுக்குத்தான் தேறும் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அதுவரை சூட்டுக்குக் காவல் கண்தான். ஆனால் தம்பியிடம் ஏற்கெனவே வேலை செய்கிற வெப்பமானி ஒன்று உண்டு, அவருடைய முழங்கை. தண்ணீரில் கை வைக்கும் முன் முழங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். கடுங்குளிரும் இந்தக் கைகளுக்கு ஆகாது. தோலில் விரிசல் வராமல் ஈரம் காக்கும் மணமற்ற களிம்பு பூசலாம், அதையும் கேட்டுவிட்டுத்தான். வெயிலில் போனால் கையை மூடிக்கொண்டு போகட்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

மாத்திரைக்கு வருவோம். கை இருக்கும்வரை மாத்திரை உண்டு. இதை மென்று விழுங்கிச் சொல்வதில் பயனில்லை. 1998 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் கிளின்ட் ஹாலம் என்பவருக்கு ஒரு கை பொருத்தினார்கள். இந்தக் காலத்துக் கை மாற்றில் அதுவே முதலாவது. அறுவை வெற்றி, கை அசைந்தது, உலகமே கொண்டாடியது. அவர் மருந்தைத் தொடரவில்லை. அந்தக் கை தன் மனத்தோடு ஒட்டவில்லை என்று சொல்லி, அகற்றச் சொல்லிக் கேட்டார். 2001 பிப்ரவரியில் லண்டனில் அகற்றினார்கள். அவருக்கு அடுத்து 1999 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கை பெற்ற மேத்யூ ஸ்காட், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கையோடு இருந்தார். முதலாமவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு முன்னால் இந்த வழியில் நடந்து காட்டியவர் எவரும் இல்லை. இன்று கை மாற்றுக்கு முன் மாதக்கணக்கில் மனநல மருத்துவரோடு பேசவைக்கிறார்கள் என்றால் அதற்கு அவர் பட்டதும் ஒரு காரணம்.

பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஒரு ஸ்டீராய்டு என்று மூன்று மருந்துகள் தந்திருப்பார்கள். டாக்ரோலிமஸ் நரம்பு வளர்வதற்கும் கை கொடுக்கிறது என்பது இதில் ஓர் எதிர்பாராத லாபம். ஆனால் அது கயிற்றில் நடக்கிற மருந்து. ரத்தத்தில் அளவு குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். நடுக்கத்தைக் கண்டு புதிய கையில்தான் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம், மருந்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் போய், கொடுத்த பிறகு சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி மருந்தையும் தப்பாகக் குறைப்பார்கள். வாந்தி எடுத்தாலோ, வேளை தவறினாலோ என்ன செய்வது என்பதை மருத்துவமனையில் எழுதி வாங்கி மாத்திரைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டுங்கள். வயிற்றுப்போக்கு என்றாலும் உடனே சொல்ல வேண்டும். அப்போது டாக்ரோலிமஸ் அளவு ஏறிவிடக்கூடும். கிரேப்ஃப்ரூட் பழமும் சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளும் சில ஆண்டிபயாட்டிக்குகளும் அளவை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் தலைகீழாக இறக்கிவிடும். சாதாரண வலிக்கு நாம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் அவர் சிறுநீரகத்துக்கு வேண்டாத சுமை. ஆகவே யார் எந்த மருந்து எழுதித் தந்தாலும், பல் மருத்துவரே தந்தாலும், மாற்று அறுவைப் பிரிவில் கேட்காமல் கொடுக்காதீர்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளும் அவருக்கு ஆகாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மாத்திரை போட்டு இறக்கிவிட்டுக் காத்திருக்காமல் அப்போதே பேசுங்கள்.

அந்த மூலிகைப் பொடிக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. உறவினரின் அன்பில் குறை காணவில்லை. ஆனால் மருத்துவர்கள் மூன்று மருந்து கொடுத்து எந்த எதிர்ப்புச் சக்தியைத் தூங்கவைத்திருக்கிறார்களோ, அதை எழுப்பிவிடுவதாகப் பெருமை பேசும் பொடி அது. சொன்னதைச் செய்யாவிட்டால் காசு வீண், சொன்னதைச் செய்துவிட்டால் கை வீண்.

இப்போது துண்டைப் பற்றி. 'அவருடைய கை' என்று தம்பி சொல்வதைத் திருத்த முயலாதீர்கள். 'இனி அது உன் கைதான்' என்று வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அது உதவாது. அவர் சொல்வது உண்மையும்கூட. கைகளைத் தருவது கண்களையோ சிறுநீரகத்தையோ தருவதைப் போன்றதல்ல. கண்ணுக்குத் தெரிகிற, பிடித்து நடந்த, பழகிய ஓர் உறுப்பை ஒரு குடும்பம் கொடுத்திருக்கிறது. பல இடங்களில், கைகளை எடுத்த பிறகு செயற்கைக் கைகளைப் பொருத்தித்தான் உடலைக் குடும்பத்திடம் ஒப்படைக்கிறார்கள். அந்தக் கனம் தம்பிக்குத் தெரிகிறது. நன்றியும் கூச்சமும் கலந்து, துண்டாக மேலே விழுகிறது. இதைப் பேச மாற்று அறுவைப் பிரிவில் மனநல மருத்துவர் இருப்பார். இதுவரை போகவில்லை என்றால் அடுத்த முறை கண்டிப்பாக அவரிடம் நேரம் கேளுங்கள். தூக்கம் கெடுகிறதா, மருந்து வேளைகளில் 'எதற்கு' என்ற சலிப்பு வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். மனம் சோர்ந்தவர் முதலில் கைவிடுவது மாத்திரையைத்தான்.

என் வேலை கைப் பயிற்சி என்பதால் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். ஒரு கை தன்னுடையது என்று மனம் யோசித்து ஏற்பதில்லை, அந்தக் கையால் எதையாவது செய்துதான் ஏற்கிறது. கை போன பிறகு மூளையில் கைக்கான இடத்தை அக்கம்பக்கத்துப் பகுதிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2000-ல் லியோனில் இரு கைகளும் பெற்ற முதல் மனிதரின் மூளையை அறுவைக்கு முன்னும் பின்னும் படமெடுத்துப் பார்த்தபோது, சில மாதங்களில் கை தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. நாள்தோறும் மணிக்கணக்காகப் பயிற்சி தருவது விறைத்த மூட்டுகளை இளக்குவதற்கு மட்டுமல்ல, அந்த இடத்தை மீட்பதற்கும்தான். பயிற்சியின்போது அவர் கையைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி வராத இடத்தைத் தொடும்போது கண்ணால் பார்த்துக்கொண்டே தொடச் சொல்வோம், கண் பார்ப்பதை மூளை உணர்வாகப் பழகும். துண்டுக்கு அடியில் இருக்கும் கைக்கு இந்தப் பயிற்சி நடக்காது. காலையில் புள்ளி தேடும் வேலையை அவரிடமே விடச் சொன்னதும் இதற்காகத்தான். அன்போடு பார் என்றால் மறுப்பார். புள்ளி இருக்கிறதா பார் என்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது உங்களுக்கு வருத்தம் தரலாம். ஊட்டுவதை நிறுத்துங்கள். ஒரே நாளில் அல்ல, ஒரு நாளில் ஒரு வேளை. தடித்த பிடி போட்ட ஸ்பூன், உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டை இரண்டையும் பயிற்சியாளரிடம் கேட்டால் தருவார். சிந்தும், ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும், கோபம் வரும், ஸ்பூன் பறக்கவும் கூடும். நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். மூன்று ஆண்டுகளாக அவருக்குக் கையாக இருந்தவர் நீங்கள். இப்போது அந்த வேலைக்கு வேறு இரண்டு கைகள் வந்திருக்கின்றன. அவை கற்றுக்கொள்ள முதலில் நீங்கள் கொஞ்சம் விலக வேண்டும். இரவில் கையைத் தாங்குவதற்காக மாட்டும் ஸ்ப்ளின்டை மட்டும் நீங்களே சரிபாருங்கள். அது அழுத்தி உரசினாலும் அவருக்குத் தெரியாது. கழற்றிய பிறகு சிவப்புத் தடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் ஸ்ப்ளின்டைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

நகக் கேள்விக்கு நேரே அவருக்கே பதில் எழுதுகிறேன், படித்துக் காட்டுங்கள். தம்பி, கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். உங்களுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. அந்தக் கைகளோடு வந்த நகத்தில் இப்போது நுனியில் ஒரு கீற்று மிச்சமிருந்தால் அதிகம். மற்றதெல்லாம் உங்கள் ரத்தம் ஓடி, நீங்கள் சாப்பிட்டதிலிருந்து வளர்ந்தது. நகவெட்டி இப்போது வேண்டாம். சதையில் பட்டால் உங்களுக்குத் தெரியாது, அந்தச் சிறு காயம் போதும் கிருமி நுழைய. நகம் தேய்க்கும் அரம் ஒன்றை மேசை விளிம்பில் அசையாதபடி ஒட்டிக்கொண்டு, விரலை அதன்மேல் வைத்துத் தேயுங்கள், பார்த்துக்கொண்டே. கட்டைவிரலில் தொடங்குங்கள், அதுதான் சுலபம். சுண்டுவிரல் சொன்ன பேச்சு கேட்க இன்னும் நாளாகும், அதை மட்டும் அக்கா தேய்த்துவிடட்டும்.